கொடைக்கானல் ஏரியில் விடியற்காலைப் பறவை நோக்கல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும்போது கீழ்நாட்டில் வெயில் ஏறும். எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளும் ஏறும். "கொடைக்கானல் வருகிறோம், பறவை பார்க்க எங்கே போகலாம்?" மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் கோவையிலிருந்தும் ஆண்டுதோறும் இதே கேள்விதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால், பல ஆண்டுகள் ஏரியைச் சுற்றி நடந்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதிவைக்கிறேன்.

கோடையில் பார்க்க என்ன இருக்கிறது? வலசைப் பறவைகள்தாம் போய்விட்டனவே?

போய்விட்டன. மழைக்காலம் தொட்டு ஓடைக்கரைகளில் வாலை ஆட்டிக்கொண்டு திரிந்த சாம்பல் வாலாட்டிகளைச் சித்திரை நடுவில் தேடினால் கிடைக்காது. இலைக்கதிர்க்குருவிகள் வடக்கே கிளம்பியிருக்கும். எண்ணிக்கைதான் முக்கியம் என்றால் நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் வாருங்கள்.

ஆனால் கோடையின் தொடக்கம் வேறு வகையான பருவம். இங்கேயே பிறந்து இங்கேயே சாகிற பறவைகள் ஜோடி சேர்ந்து கூடு கட்டி எல்லை பிரித்துக்கொள்ளும் காலம் இது. கோடை மழை இரண்டு பெய்தால் பூச்சி பெருகும், குஞ்சுக்கு இரை கிடைக்கும். ஆண் பறவைகள் தொண்டை கிழியப் பாடுவது இப்போதுதான். டிசம்பரில் மூச்சுவிடாமல் புதருக்குள் ஒளிந்திருந்த பறவை, ஏப்ரலில் மரத்து உச்சியில் ஏறி நின்று தன் முகவரியைத் தானே சொல்லும். ஆகவே இந்த மாதங்களில் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்கள் ஏமாறுவதில்லை.

எத்தனை மணிக்கு ஏரிக்கு வரவேண்டும்?

ஐந்தரைக்கு. ஏப்ரல், மே மாதங்களில் இங்கே சூரியன் ஆறு மணியை ஒட்டி எழும். அதற்கு அரைமணி முன்பே பாட்டு தொடங்கிவிடும். ஆறரைக்கு வந்தால் பாதிக் கச்சேரி முடிந்திருக்கும். எட்டு மணிக்கு வந்தால் வாடகை சைக்கிளும் குதிரையும் ஹாரனும்தான். பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் இது இன்னும் மோசம்.

விடுதிக்காரரிடம் முந்தின இரவே சொல்லி வாயிற்கதவைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள். ஒருமுறை விடுதியொன்றில் தங்கியிருந்த நண்பர்கள், காவலாளி எழும்வரை பூட்டிய கதவுக்கு உள்ளே பைனாகுலரோடு நின்றுகொண்டிருந்தார்கள். வெளியே கரும்பறவை பாடிக்கொண்டிருந்தது.

ஏரியை முழுக்கச் சுற்ற வேண்டுமா?

வேண்டாம். சுற்றுச்சாலை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். சுற்றியே தீருவது என்று நடப்பவர்கள் நடைப்பயிற்சி செய்கிறார்கள், பறவை பார்ப்பதில்லை. நட்சத்திர வடிவ ஏரி இது. கைகைகளாகப் பிரிந்து உள்வாங்கியிருக்கும். படகுத்துறையைவிட்டு விலகி, கரையில் கோரை மண்டிய ஏதாவது ஒரு கையைத் தேர்ந்தெடுத்து, அதன் ஓரத்தில் நாற்பது நிமிடம் நில்லுங்கள். வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு நிற்பது நல்லது. எதிர்வெளிச்சத்தில் எல்லாப் பறவையும் கறுப்புத்தான்.

தண்ணீரில் என்னென்ன பார்க்கலாம்?

பட்டியல் நீளமானதன்று. முக்குளிப்பான், தாழைக்கோழி, நாமக்கோழி, சிறிய நீர்க்காகம், மடையான், வெண்மார்பு மீன்கொத்தி, கானாங்கோழி. இவை கீழ்நாட்டுக் குளங்களிலும் உண்டு. இந்த ஏரியே 1863-இல் மதுரைக் கலெக்டர் வியர் ஹென்றி லெவிஞ்ச் முயற்சியால் ஓடைநீரைத் தேக்கி உண்டாக்கியதுதான். எனவே நீரில் மிதப்பவற்றை மலையின் பூர்வகுடிகள் என்று நான் நினைப்பதில்லை. அவர்கள் இருப்பது சோலைக்குள், அதாவது மலை மடிப்புகளில் அடர்ந்து நிற்கும் இயற்கைக் காட்டுக்குள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என்றாலும் முக்குளிப்பானை அலட்சியம் செய்யாதீர்கள். சின்ன உருவம், வால் என்று ஒன்று இருப்பதாகவே தெரியாத உருண்டை உடம்பு. குளிர்காலத்தில் வெளிறிய பழுப்பாக இருந்தது, இப்போது கழுத்தில் செங்கல் நிறம் பூசிக்கொண்டிருக்கும். வாயோரத்தில் மஞ்சள் பொட்டு ஒன்று, சுண்ணாம்பில் குழைத்த மஞ்சளைத் தொட்டு வைத்தது போல. திடீரென்று கனைப்பது போன்ற ஒரு நடுங்கும் குரல் நீர்மேல் ஓடிவரும். கொஞ்ச தூரத்திலிருந்து ஜோடி பதில் சொல்லும். அதன் கூடு மிதக்கும் கூடு. அழுகிய பாசியையும் தண்டுகளையும் குவித்து, கோரையில் கட்டிவைத்த ஒரு குப்பைமேடு என்றுதான் நமக்குத் தோன்றும். தாய் இறங்கிப் போகும்போது முட்டைகளைப் பாசியால் மூடிவிட்டுப் போகும். ஒருநாள் மூடுபனியில் நான் நின்றதை அது கவனிக்கவில்லை. கூட்டில் ஏறி, அலகால் பாசியை ஒவ்வோர் இழையாக விலக்கி ஓரத்தில் வைத்துவிட்டு அமர்ந்தது. ஐந்து நிமிடம் கழித்து ஒரு நாய் கரைக்கு வந்தது. அவசரமாக நான்கைந்து இழைகளை மேலே இழுத்துப் போட்டுவிட்டு ஓசையில்லாமல் நீருக்குள் மறைந்தது. அலைகூட எழவில்லை. குஞ்சு பொரித்துவிட்டால் வரிக்கோடு போட்ட தலைகள் தாயின் முதுகிறகுக்குள்ளிருந்து எட்டிப்பார்ப்பதைக் காணலாம்.

தாழைக்கோழியும் நாமக்கோழியும் ஒன்றா?

இல்லை. கருத்த உடம்பில் நெற்றியும் அலகும் வெள்ளை வெளேரென்றிருந்தால் நாமக்கோழி. பெயரிலேயே நாமம் இருக்கிறதே. நெற்றி சிவப்பு, அலகின் நுனி மட்டும் மஞ்சள் என்றால் தாழைக்கோழி. இது நீந்தும்போதும் நடக்கும்போதும் வாலைத் தூக்கித் தூக்கி வெள்ளைப் பின்புறத்தைக் காட்டும்.

கரையில் நிற்கும் கொக்கு சிவப்பாக இருந்ததே, புது வகையா?

மடையான்தான். குருட்டுக்கொக்கு என்று சொல்வதும் இதைத்தான், பக்கத்தில் போகும்வரை அசையாமல் நிற்பதால். மற்ற மாதங்களில் மண்நிறக் கோடுகளோடு இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் முதுகு மெரூன் நிறத்துக்கு மாறும். தலையிலிருந்து மெல்லிய இறகிழைகள் தொங்கும். பறந்தவுடன் இறக்கை முழுவதும் வெள்ளை.

இருட்டிலேயே யாரோ சீட்டி அடிக்கிறார்கள். என்ன அது?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே கிடையாது. சீகாரப் பூங்குயில். பெயரில் குயில் இருந்தாலும் குயில் இனமன்று. ஓடையோரப் பாறைகளில் வாழும் கருநீலப் பறவை, மைனாவைவிடச் சற்றுப் பெரிது. நெற்றியிலும் தோளிலும் பளபளக்கும் நீலம். வெளிச்சம் வருவதற்கு முன் பாடத் தொடங்கும். பாட்டுக்கு இலக்கணமே இல்லை. வேலைக்குப் போகிற பையன் ஒருவன் ஏதோ மெட்டை நினைவுபடுத்திக்கொள்ள முயன்று, பாதியில் மறந்து, வேறு மெட்டுக்குத் தாவி, அதையும் விட்டுவிடுவது போலிருக்கும். முதன்முதலில் கேட்டபோது பால்காரப் பையன் என்றே நினைத்தேன். குளிர்காலம் முழுக்க வாயைத் திறக்காத பறவை இது. கோடை மழை விழுந்தபின் கேட்டுப்பாருங்கள்.

இதற்கு அடுத்தபடி கரும்பறவை. ஆரஞ்சு அலகு, கருஞ்சாம்பல் உடம்பு. மர உச்சியில் அமர்ந்து, அவசரமே இல்லாமல் நிறுத்தி நிறுத்திப் பாடும். பூங்குயில் சீட்டியடிக்கும் சிறுவன் என்றால் இவர் சாதகம் செய்கிற வித்வான்.

படகுத்துறைக் கூரையடியில் பறப்பது எது? தகைவிலான்கள் குளிர்காலத்தில் மட்டும்தானே வரும்?

குளிர்காலத்தில் வந்துபோவது நீண்ட வாற்கம்பிகளும் மார்பின் குறுக்கே கறுப்புப் பட்டையும் உள்ள தகைவிலான். கோடையிலும் இங்கேயே இருப்பது மலைத் தகைவிலான். இதற்கு மார்புப் பட்டை கிடையாது, வால் குட்டை, நெற்றியும் தொண்டையும் செம்பழுப்பு.

எங்கள் வீட்டுத் தாழ்வார உத்தரத்தில் ஆண்டுதோறும் ஒரு ஜோடி கட்டுகிறது. மழை பெய்த மறுநாள் சாலையோரக் குட்டையில் வாய் நிறையச் சேற்றை எடுத்துவந்து, அரிசியளவு உருண்டைகளாக அடுக்கும். ஒரு வரிசை காய்ந்தபின்தான் அடுத்த வரிசை. கொத்தனார்கூட இவ்வளவு பொறுமையாக இருக்கமாட்டார். உள்ளே இறகு மெத்தை. கீழே எச்சம் விழுகிறது என்று வீட்டில் ஆண்டுக்கொருமுறை சண்டை வரும். ஒரு பழைய நாளிதழை விரித்துவைப்பதில் சமாதானம் ஆகும். நீங்கள் தங்கும் விடுதியில் கூட்டைக் குச்சியால் தட்டிவிடுவதைப் பார்த்தால் இந்த நாளிதழ் யோசனையைச் சொல்லுங்கள்.

பழநி மலைக்கே உரிய பறவை எது? அதை எங்கே பார்ப்பது?

ஏரியைவிட்டு மேலே வாருங்கள். நடந்துபோகும் தூரத்தில் பாம்பே சோலை இருக்கிறது. நகரத்துக்குள்ளேயே மிஞ்சியிருக்கும் ஒரு துண்டுக் காடு. உள்ளே இறங்க வேண்டிய அவசியமில்லை, சாலையோரத்தில் நின்றாலே போதும். ஏழு மணிக்குச் சோலைக்குள் வெளிச்சம் இறங்கும்.

இங்கே பார்க்கவேண்டியது பழநிச் சிரிப்பான். சாம்பல் மார்பு, செம்பழுப்பு வயிறு, கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம். நான்கைந்து பேராகப் புதரில் தாவிக்கொண்டு, ஒருவர் சொன்னதை எல்லாரும் சேர்ந்து திருப்பிச் சொல்வதுபோல் கத்தும். பழநி, ஆனைமலை, மூணாறு சார்ந்த மலைகளைத் தவிர வேறெங்கும் இது கிடையாது. நீலகிரியில் இருப்பது இதன் உறவுக்காரப் பறவை, ஆனால் வேறு இனம். நடுவே பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. உயரத்துச் சோலையைவிட்டுக் கீழிறங்காத பறவைக்கு அந்தத் தாழ்வெளி கடல் மாதிரி. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெடுங்காலம் பிரிந்திருந்து இரண்டும் வெவ்வேறாகிவிட்டன. பழநிப் பறவையை 1869-இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் ஆங்கிலேய இயற்கையியலாளர் பிளான்போர்டு. இதன் அறிவியல் பெயரில் இருப்பது, பழநி மலையில் பறவைகளைச் சேகரித்த அமெரிக்கப் பாதிரியார் ஃபேர்பேங்கின் பெயர்.

இன்னொன்று வெண்வயிற்றுச் சோலைக்கிளி. கிளி என்றதும் பச்சை நிறத்தில் தேடாதீர்கள். மலையாளத்தில் சிறு பறவை எல்லாமே கிளி. அந்த வழியில் வந்த பெயர். நமக்குக் கிளி என்றால் மிளகாய்ப்பழம் தின்பது மட்டும்தான். இது கருநீல உடம்பும் வெள்ளை வயிறும் நீண்ட கால்களும் கொண்ட, தரையோடு தரையாக இருட்டில் திரியும் பறவை. 2017-இல் மரபணு ஆய்வின் அடிப்படையில் இந்தச் சோலைக்கிளிகளுக்குத் தனிப் பேரினமே கொடுத்தார்கள். சோலிகோலா என்று பெயர், சோலையில் வாழ்வது என்று பொருள். நம் 'சோலை' என்ற சொல் அறிவியல் பெயருக்குள் போய் உட்கார்ந்திருப்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

இவற்றோடு நீலகிரி ஈப்பிடிப்பானையும், கறுப்பும் ஆரஞ்சுமாய் இருக்கும் குட்டி ஈப்பிடிப்பானையும், கழுத்தில் சதுரங்கக் கட்டம் போட்ட நீலகிரிக் காட்டுப்புறாவையும் இங்கே எதிர்பார்க்கலாம்.

கைப்பேசியில் பறவையின் குரலைப் போட்டு அதை வெளியே வரவழைக்கலாமா?

கூடாது, இந்த மாதங்களில் அறவே கூடாது. நானும் செய்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். வெளியூர் நண்பருக்குக் காட்டவேண்டும் என்ற ஆசையில் ஒருமுறை சோலைக்கிளியின் பாட்டை ஒலிக்கவிட்டேன். பறவை உடனே வந்தது. வாயில் புழுவோடு வந்தது. தன் எல்லைக்குள் எவனோ புகுந்துவிட்டான் என்று குஞ்சுக்குக் கொண்டுபோன இரையை வைத்துக்கொண்டே எங்களைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. கைப்பேசியை அணைத்தபிறகும் நெடுநேரம் கூட்டுக்குத் திரும்பவில்லை. நண்பருக்கு அருமையான படம் கிடைத்தது. அந்தப் படத்தை என்னால் இன்றும் சங்கடமில்லாமல் பார்க்க முடிவதில்லை.

குரலை அடையாளம் காண மெர்லின் போன்ற செயலியைப் பயன்படுத்துங்கள். அது கேட்கும் வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அது சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

கூட்டைப் படமெடுக்கலாமா?

வேண்டாம். மறைத்த கிளையை நீங்கள் விலக்கினால் காக்கை பார்த்துக்கொண்டிருக்கும்.

பேரிஜம் ஏரிக்கு விடியற்காலையில் போக முடியுமா?

முடியாது. பேரிஜம் காப்புக்காட்டுக்குள் இருக்கிறது. வனத்துறையின் அனுமதி வேண்டும், நாளொன்றுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கை வாகனங்களுக்குத்தான் அனுமதி, அதுவும் காலை நன்றாக விடிந்தபின். யானை நடமாட்டம் இருந்தால் மூடிவிடுவார்கள். பறவைக்காக மட்டும் என்றால் அலையவேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் பத்து மணிக்கு மேல், வெயிலில் காற்று மேலெழும்பும் நேரத்தில், சோலை முகட்டை உரசிக்கொண்டு கருங்கழுகு மெதுவாக மிதந்துவருவதைப் பார்க்க அந்த வழி நல்ல வழி. அது சும்மா உலாவவில்லை; மரமுகட்டில் கூடுகளைத் தேடிக்கொண்டு வருகிறது.

மன்னவனூர் எப்படி?

நல்ல யோசனை, ஆனால் வேறு மாதிரி. கொடைக்கானலிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. விடிவதற்குள் அங்கே இருக்க வேண்டுமானால் நாலரைக்கே கிளம்பவேண்டும். புல்வெளியும் ஏரியும் மத்திய அரசின் ஆட்டுப்பண்ணையும் உள்ள திறந்தவெளி. சோலைப் பறவைகளை இங்கே தேடாதீர்கள். வேலிக்கம்பியில் தோளில் வெள்ளைத் திட்டோடு அமர்ந்திருக்கும் கறுப்புப் புதர்ச்சிட்டு, நீரோரத்தில் வெண்புருவ வாலாட்டி என்று திறந்தவெளிப் பறவைகள் கிடைக்கும். வழியில் பூம்பாறையில் நிறுத்திப் படிப்படியான பூண்டு வயல்களைப் பாருங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வயல் வரப்பிலும் புதர்ச்சிட்டு உண்டு.

பைன் காட்டில் பறவை இருக்குமா?

சினிமாப் படப்பிடிப்புக்கு அது அழகான இடம். பறவைக்குத் தின்ன அங்கே ஒன்றும் இல்லை. வெளிநாட்டு மரங்களை நட்ட காடு அது. பழமும் இல்லை, அடர்ந்த கீழ்ப்புதரும் இல்லை. பைன் காட்டில் பத்து நிமிடமும் சோலையோரத்தில் பத்து நிமிடமும் கண்ணைமூடி நின்றுபாருங்கள்.

எந்த பைனாகுலர் வாங்கலாம்?

8x42. எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். விடியலின் மங்கிய வெளிச்சத்தில் அந்த 42-தான் உதவும். பத்து மடங்கு வேண்டும் என்று வாங்குபவர்களுக்குக் குளிரில் கை நடுங்கும்போது பறவையும் சேர்ந்து நடுங்கும். எட்டு மடங்கு போதும்.

இங்கே இன்னொரு தொல்லை பனி. கண்ணாடியில் மூச்சு பட்டாலே ஆவி படியும். சட்டை முனையால் துடைத்துக் கீறலாக்காதீர்கள். மென்துணி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். 

ஏப்ரலில்கூட ஸ்வெட்டர் வேண்டுமா?

வேண்டும். பகலில் இருபது டிகிரியைத் தொடும். விடியலில் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் நிற்கும். நடக்காமல் நின்றுகொண்டிருக்கப் போகிறீர்கள் என்பதை மறக்காதீர்கள். குல்லா காதை மூடவேண்டாம், கேட்கத்தானே வந்திருக்கிறீர்கள். மழை பெய்திருந்தால் சோலையோரத்தில் அட்டை இருக்கும். காலுறைக்குள் பேண்டை விட்டுக்கொள்ளுங்கள்.

காட்டுமாடு எதிரே வந்தால்?

வரும். நகரத்துக்குள்ளேயே மேய்கின்றன. பார்க்கச் சாதுவாகத் தெரியும். ஆயிரம் கிலோ வரை எடை கொண்ட விலங்கு என்பது நினைவிருக்கட்டும். பிளாஷ் அடிக்காமல், சத்தம் போடாமல், வந்த வழியே பின்வாங்குங்கள். அதற்கு ஒதுங்கிப்போக வழி இருக்கவேண்டும். சுவருக்கும் அதற்கும் நடுவில் நீங்கள் நிற்கக் கூடாது. பனி அடர்ந்த நாளில் இருட்டோடு தனியாக வரவேண்டாம் என்று நான் சொல்வது மனிதர்களுக்குப் பயந்தன்று, இதற்காகத்தான். தெருநாய்களும் உண்டு. கையில் ஒரு குடை இருந்தால் இரண்டுக்கும் உதவும், மழைக்கும் நாய்க்கும்.

குழந்தைகளை அழைத்துவரலாமா?

தாராளமாக. அவர்களுக்குக் காது கூர்மை. ஆனால் ஒரு பைனாகுலருக்கு இரண்டு குழந்தைகள் என்றால் பறவையைவிடப் பஞ்சாயத்து அதிகமாக இருக்கும்.

இ-பாஸ் வேண்டுமா?

வெளியூர் வாகனங்களுக்கு வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் முறை வந்தது. கிளம்பும் முன் இணையத்தில் பதிவுசெய்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் கட்டுப்பாடு உண்டு, எவர்சில்வர் பாட்டில் எடுத்துவாருங்கள். மே மாதத்தில் வத்தலக்குண்டிலிருந்து ஏறும் சாலையில் வண்டிகள் வரிசைகட்டும். சனிக்கிழமை மாலை ஏறி ஞாயிறு காலை பார்க்கலாம் என்று திட்டமிடாதீர்கள். செவ்வாய், புதன் உத்தமம்.

பார்த்ததை எங்கே பதிவது?

இபேர்டு இணையத்தளத்தில். மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை உலகம் முழுவதும் பறவை எண்ணுகிறார்கள். அதே நாளில் இந்தியாவில் ஓரிடவாழ் பறவைகளுக்கான, அதாவது குறிப்பிட்ட பகுதியைவிட்டால் வேறெங்கும் இல்லாத பறவைகளுக்கான, கணக்கெடுப்பும் நடக்கிறது. பழநிச் சிரிப்பானைப் பார்த்துவிட்டு அன்று பதியாமல் விடுவது வாக்குச்சாவடிவரை போய்விட்டுத் திரும்பி வருவது போல. முக்குளிப்பான் இரண்டு, மடையான் ஒன்று என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். "நிறைய" என்பது எண்ணிக்கையாகாது.

உங்களோடு வரலாமா?

வரலாம், நான்கு பேருக்கு மேல் வேண்டாம். ஐந்தரைக்கு ஏழு ரோடு சந்திப்பில் நிற்பேன். ஐந்தே முக்காலுக்குக் கிளம்பிவிடுவேன். ஏழு மணிவரை பேச்சு கிடையாது, காட்டவேண்டியதைக் கையால் காட்டுவேன். எட்டு மணிக்கு டீக்கடையில் எல்லாக் கேள்விகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். டீ உங்கள் செலவு.